தலை சாய்த்துக் கேட்கும் பழக்கம்

கடவுள் துணை

பதினான்காம் தேதி, செவ்வாய், காலை பத்து மணி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமாவும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதைப் பத்திரிகையில் படம் போட்டே தெரிவித்துவிட்டீர்கள். ஆகவே அதை விசாரித்துத் தாளை வீணாக்கவில்லை.

இந்தக் கடிதத்தை ஃபெரியில் டிக்கெட் பார்க்கிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையில்தான் தரவேண்டும், என் மகள் கையில் தரக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்ல அவர் விடவில்லை. "அம்மா, நான் டிக்கெட்டைத்தான் கிழிப்பேன், கடுதாசியைக் கிழிக்கமாட்டேன், தைரியமா குடுங்க" என்றார். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். அவள் பக்கத்திலேயே இருப்பாள். அதோடு, போனில் நீங்கள் ஆரம்பித்தால் எதிராளி ஹலோ சொன்னதோடு சரி. கடிதத்தில் எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். வருகிற இருபதாம் தேதி திங்கட்கிழமை நீங்கள் இப்போது நிற்கிற துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறீர்கள். பிறகு முப்பத்துநாலு நாள் கரையே கண்ணில் படாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாய்மரப் படகில் என் மகள் ஏறக்கூடாது. ஏன் என்பதை அதனதன் இடத்தில் சொல்கிறேன். முதலில் உங்கள் கட்டுரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

போன வியாழக்கிழமை நூலகத்து அம்மா வார இதழைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு தேடி வந்தார். "உங்க மாப்பிள்ளை நம்ம ஊரைப் பத்தி எழுதியிருக்கார். ஊருன்னா உங்க வீடுதான், நாலு பக்கமும் நீங்கதான்" என்றார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா சிரிப்பா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. படித்த பிறகு புரிந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டின காகிதங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்துத்தான் மீதிப் படிப்பு. அதனால் உங்கள் கட்டுரையை ஒரு முறை சும்மாவும், ஒரு முறை அகராதியை வைத்துக்கொண்டும், ஒரு முறை பென்சிலோடும் படித்தேன். பென்சிலோடு படித்ததில் பதினான்கு தப்பு இருக்கிறது. பதினான்கையும் எழுதமாட்டேன், பயப்படவேண்டாம்.

"இவ்வூர் வீடுகளில் உணவு மேசையில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக விடப்படுகிறது. கடலில் இறந்த மூதாதையருக்கான இடம் அது" என்று எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. தச்சர் நாலு மாதமாக நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கடலில் சாகவில்லை. உங்கள் மாமாவின் அப்பா பல் பிடுங்கப் போன இடத்தில் இறந்தார்.

"ஆண்கள் தம் காலணிகளை வாசலில் கவிழ்த்து வைத்துத் தம் அகந்தையை வெளியே விட்டு உள்ளே வருகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐஸ் ஃபேக்டரியில் எந்திரம் பார்க்கிற உங்கள் மாமாவுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். கவிழ்க்காவிட்டால் உள்ளே தவளை போய் உட்காரும். உங்கள் மாமா அகந்தையைக் கழற்றி நான் பார்த்ததில்லை. தூங்கும்போதும் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார்.

"உணவின்போது எவரும் பேசுவதில்லை. கடலுக்குச் செய்யும் மௌன மரியாதை" என்பதைப் படித்தபோது உங்கள் மாமாவே சிரித்துவிட்டார். நீங்கள் இருவரும் பதினோரு நாள் தங்க வந்தீர்களே, அதில் முதல் நாள் சாப்பாட்டில், ஐஸ் ஃபேக்டரியை மூடிவிட்டு மீனைப் பிடித்த கையோடு விற்பதுதான் இயற்கைக்கு நல்லது என்று அவரிடமே யோசனை சொன்னீர்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அடுக்களையில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "பதினோரு நாள். வாயைத் தொறந்தீங்கன்னா பாருங்க" என்றேன். அதற்குப் பிறகு வீட்டில் இருந்த மௌனம் கடலுக்கு அல்ல.

படகுத்துறையில் வரவேற்பு நடனம் ஆடின பெண்களின் மஞ்சளும் கறுப்புமான உடையைப் பற்றி ஒரு பத்தி. உதிக்கிற சூரியனும் ஆழ்கடலும் என்று பொருள் சொல்லியிருக்கிறீர்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் தேனீ வேஷத்துக்குத் தைத்த உடை அது. முதுகில் இறக்கை மாட்டுகிற கொக்கி அப்படியே இருக்கிறது, உங்கள் படத்திலேயே தெரிகிறது. பாய்மரப் படகு வந்தால் ஏதாவது ஆடிக்காட்டவேண்டும் என்று படகுத்துறைச் சங்கத்துக்காரர்கள் இரண்டு வருஷம் முன்னால் ஆரம்பித்த வழக்கம். உங்களைவிட உங்கள் படகுக்கு வயது அதிகம். அந்தப் படகைவிட இந்த நடனத்துக்கு வயது குறைவு.

மேஸ்திரியைப் பற்றியும் எழுதிவிட்டீர்கள். மீன் இறக்கும் படிக்கட்டில் படுத்துக்கிடக்கிற அந்தக் கிழட்டுக் கடல்நாய்க்கு, எல்லாரையும் வேலை வாங்குகிற மாதிரி உறுமுவதால் அந்தப் பேர். ஒவ்வொரு படகும் முதல் மீனை அதற்கு எறிவது "கடலின் காவலனுக்குச் செலுத்தும் காணிக்கை" என்கிறீர்கள். எறியாவிட்டால் வலையைக் கடித்துக் கிழிக்கும், அவ்வளவுதான். அதற்குச் சமமாக இருக்கவேண்டும் என்று நீங்கள் படியில் குப்புறப் படுத்தீர்கள். "சார், அது காலைல இருந்து சாப்பிடலை, எந்திரிங்க சார்" என்று ஏலக்காரர் கத்தினார். நீங்கள் கையை உயர்த்தி அவரை அடக்கினீர்கள். மேஸ்திரி உங்கள் கேமரா வாரைக் கவ்வி இழுத்தது. அப்போது நீங்கள் போட்ட சத்தம் மீன் ஏலத்தையே நிறுத்தியது. கட்டுரையில் அது "இரு உயிர்களுக்கிடையே ஒரு நீண்ட பார்வை" என்று வந்திருக்கிறது. ஏலக்காரர் வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பார்வையை எல்லாருக்கும் நடித்துக் காட்டுகிறார்.

இதெல்லாம் போகட்டும். நான் மாலை விளக்கேற்றிப் பிரார்த்தனை செய்யும்போது, வெளிச்சம் போதவில்லை, அணைத்துவிட்டு இன்னொரு தரம் ஏற்றமுடியுமா என்று கேட்டீர்களே, அதைக்கூட நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கடவுளிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டேன். அவர் வைத்துக்கொள்வார்.

இனி எழுதுகிறதைக் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில், பறவைத் திட்டுக்கு நீங்கள் இருவரும் போன கதை. ஆலா என்கிற கடல்பறவைகள் முட்டையிட்டிருக்கும் மாதம் அது. அந்த மாதத்தில் அங்கே போகிறவர்கள் தலையில் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டுதான் போவார்கள். துடுப்புக்காரர் உங்களுக்கும் இரண்டு கொடுத்தார். பறவைகள் நம் நோக்கத்தை உணரும் என்று சொல்லி நீங்கள் வாங்கவில்லை. உணர்ந்துதான் இருக்கின்றன. திரும்பி வந்தபோது உங்கள் தொப்பியில் மூன்று இடத்தில் எச்சம் இருந்தது, நான்தான் துவைத்தேன். ஆனால் கட்டுரையில் நீங்கள் எழுதியிருப்பது வேறு. "ஆயிரம் பறவைகள் கூச்சலிட்டுப் பாய்ந்தபோது நான் குனிந்தேன். என் மனைவி குனியவில்லை. ஒரு பறவை இடப்பக்கமாக வந்து அவள் தலையைத் தொட்டது. அவள் அசையாமல் நின்றாள். பறவைகள் அவளை ஏற்றுக்கொண்டன."

தொட்டது என்று நீங்கள் எழுதின இடத்தில் அரை அங்குலத்துக்குக் கிழிந்திருந்தது. நான் மஞ்சள் வைத்து அழுத்தினேன். அவள் அசையாமல் நின்றது தைரியத்தால் அல்ல. இடப்பக்கத்திலிருந்து வந்தது அவளுக்குக் கேட்கவில்லை.

அடுத்த பத்தியிலேயே எழுதியிருக்கிறீர்கள்: "இவ்வூர்ப் பெண்களிடம் ஓர் அழகிய பழக்கம் உண்டு. எதிரே இருப்பவர் பேசும்போது தலையை இடப்பக்கம் திருப்பி, வலக் கன்னத்தைக் காட்டிச் சாய்த்துக் கேட்பார்கள். அலையோசையைக் கேட்டே வளர்ந்த தலைமுறைகளின் வழக்கம். என் மனைவியிடம் சில மாதங்களாக இது திரும்பி வந்திருப்பதைக் காண்கிறேன்."

இந்த ஊரில் எந்தப் பெண்ணும் அப்படிக் கேட்பதில்லை. நான் கேட்பதில்லை. நூலகத்து அம்மா கேட்பதில்லை. தேனீ வேஷக்காரிகள் கேட்பதில்லை. உங்கள் மனைவி ஒருத்திதான் கேட்கிறாள். அவளுக்கு இடது காது செவிடு. கூடவே படுத்து எழுந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஏழு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் அதற்குப் பழக்கம் என்று பேர் வைத்து அச்சிலும் போட்டுவிட்டீர்கள். நானும் எத்தனையோ அறிவாளிகளைப் பார்த்திருக்கிறேன், மாப்பிள்ளை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இவ்வளவு தப்பாகப் பார்க்க ஒரு தனித் திறமை வேண்டும்.

எனக்கு இரண்டாம் நாளே சந்தேகம் வந்தது. அடுக்களையில் அவளுக்குப் பின்னால் இடப்பக்கம் நின்று உப்பு ஜாடி கேட்டேன். பதில் இல்லை. வலப்பக்கம் போய்க் கேட்டேன், உடனே எடுத்துக் கொடுத்தாள். நான் எதையும் மனக்கணக்காக வைத்துக்கொள்கிறவள் இல்லை. உங்கள் மாமாவின் மாத்திரை, கேஸ் மாற்றின தேதி, தண்ணீர் கேன் எல்லாம் ஏறுகிற நோட்டில் அவளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அவள் பார்க்காதபோது இடப்பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டது இருபத்தாறு தடவை. திரும்பினது மூன்று. அந்த மூன்றிலும் தரையில் என் நிழல் விழுந்திருந்தது. வலப்பக்கம் நின்று கூப்பிட்டது இருபத்தாறு. திரும்பினது இருபத்தாறு. ஒன்பதாம் நாள் தலையணை உறையில் மஞ்சளாகக் கறை பார்த்தேன். முகர்ந்தேன். பெற்றவளுக்கு அதற்குமேல் நோட்டு தேவையில்லை.

பத்தாம் நாள் நூல் வாங்கப் போகிறோம் என்று சொல்லி அவளைக் கூட்டிப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. அன்றைக்கு நீங்கள் ஐஸ் ஃபேக்டரிக் கூரையில் கூழைக்கடாக்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் போனது இரும்புக்கடை மாடியில் இருக்கிற காது டாக்டர் அம்மாவிடம். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ஏதோ எடுத்துத் துடைத்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் பேசினார். சவ்வில் ஓட்டை விழுந்து, பின்னால் சீழ் கட்டி, எலும்பை அரிக்க ஆரம்பித்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். "ஒரு மாசம் தாங்கும்மா. அதுக்குள்ள சொட்டு தண்ணி உள்ள போகக்கூடாது. விட்டீங்கன்னா தலைக்குள்ள ஏறும். முகம் ஒரு பக்கம் இழுத்துக்கும். அதுக்கு மேலயும் ஆகும், நான் எதுக்கு வாயால சொல்லணும்" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, ஏழு மாதம் முன்னால், படகின் அடியில் ஒட்டின சிப்பிகளைச் சுரண்ட மூழ்கி எழுந்த வாரத்திலிருந்து என்று அவள் சொன்னாள். அந்த மூழ்கலைப் பற்றியும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். "என் மனைவி கடலோடு ரகசியம் பேசுகிறாள்." படகைச் சுரண்டுகிற வேலைக்கு இப்படி ஒரு பேர் வைக்கலாம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானும் முப்பது வருஷமாகப் பாத்திரங்களோடு ரகசியம் பேசிவருகிறேன் என்று சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வருகிற வழியில், மாடிப்படியிலேயே நின்று அவள் என் கையைப் பிடித்தாள். உங்களிடம் சொல்லக்கூடாது என்றாள். ஏன்டி, அவன் உன்னைத் தின்றுவிடுவானா என்று கேட்டேன். (மன்னிக்கவும். அன்றைக்கு அப்படித்தான் கேட்டேன்.) அதற்கு அவள் அந்தக் கணக்கு வாத்தியாரைப் பற்றிச் சொன்னாள்.

உங்களோடு முதலில் புறப்பட்ட உங்கள் சினேகிதர்தான். அவருக்கு முழங்கால் வீங்கினதும் வழியில் ஒரு துறைமுகத்தில் பையோடு இறக்கிவிட்டீர்கள். இறக்கிவிட்டதை நான் குறை சொல்லவில்லை. அடுத்த வாரமே "கடல் பலவீனர்களைத் தானே பிரித்தெடுக்கும்" என்று தலைப்புப் போட்டு எழுதினீர்கள். அவர் நொண்டிக்கொண்டு போனது, மருந்துக்கடையில் அழுதது, எல்லாம் அதில் இருக்கிறது. அவர் பிள்ளைகள் படித்திருப்பார்கள். உங்கள் மனைவி அதை வரி வரியாக ஒப்பிக்கிறாள், மாப்பிள்ளை. மாடிப்படியில் நின்று ஒப்பித்துக் காட்டிவிட்டு, "அம்மா, நானும் அப்படி ஒரு கட்டுரை ஆயிடுவேன்மா" என்றாள்.

காதைப் பற்றி அவள் பயப்படவில்லை. நீங்கள் அவளைப் பற்றி என்ன எழுதுவீர்கள் என்றுதான் பயப்படுகிறாள்.

அடுத்த துறைமுகத்தில் தானே உங்களிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். நானாகச் சொல்லமாட்டேன் என்று விளக்கின் முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கினாள். கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து என்னால் மறுக்க முடியவில்லை. சத்தியம் வாயால் சொல்லமாட்டேன் என்பதுதானே, கையால் எழுதலாமே என்று இரண்டு நாளாக எனக்கு நானே சாமர்த்தியம் பேசிப் பார்த்தேன். அப்படியெல்லாம் கடவுளை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். இதற்கு உண்டான பாவம் என்னைச் சேரட்டும். ஐம்பத்தாறு வயதில் தெரிந்து செய்கிற முதல் சத்தியப் பிழை, உங்களுக்காகச் செய்கிறேன் என்பதுதான் கொஞ்சம் வலிக்கிறது.

எழுதவைத்தது நேற்று அவளிடமிருந்து வந்த அட்டை. அதில் ஏழு வரி, காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாரும் சுகம், இருபதாம் தேதி கிளம்புகிறோம், மழை இல்லை, அப்பாவின் முதுகுவலி எப்படி. கடைசியில், "நெற்றியில் சின்ன அடி, அலமாரிக் கதவு இடிச்சுடுச்சு, பயப்படாதே." மாப்பிள்ளை, உங்கள் படகில் அலமாரிகள் ஏழு. ஏழையும் நான் என் கையால் துடைத்தேன். ஏழுக்கும் வலைதான் போட்டிருக்கிறது. ஒன்றுக்கும் கதவு கிடையாது.

எது இடித்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐந்தாம் நாள் என்னையும் படகில் ஏற்றி அரைமணி நேரம் சுற்றிக் காட்டினீர்கள் அல்லவா? "பாய் திரும்பும்போது அதன் அடியில் இருக்கிற குறுக்குக் கம்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசும், நான் 'தலை' என்று கத்துவேன், கேட்டதும் குனியவேண்டும், அத்தை, கேட்டதும் குனிகிறவர்தான் மாலுமி" என்று பாடம் நடத்தினீர்கள். நீங்கள் கத்தினபோதெல்லாம் நான் குனிந்தேன். குனிந்த இடத்திலிருந்து அவளைப் பார்த்தேன். அவள் உங்கள் வாயைப் பார்த்துக் குனிகிறாள். வாய் அசைந்தால் குனிவாள். நீங்கள் ஒருமுறை திரும்பிக்கொண்டு கத்தினீர்கள். அவள் குனியவில்லை. நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். நான் தடுமாறி விழுந்துவிட்டேன் என்று நீங்கள் சிரித்தீர்கள்.

"படகில் என் மனைவி என் முகத்திலிருந்து கண்ணை எடுப்பதில்லை" என்று அதையும் எழுதிவிட்டீர்கள். ஊரே படித்துப் பெருமூச்சு விட்டிருக்கும். இருட்டில் உங்கள் வாய் அவளுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் யோசியுங்கள். முப்பத்துநாலு நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ராத்திரி இருக்கிறது.

மதியம் இரண்டரை மணி

உங்கள் மாமா சாப்பிட வந்தார், அதனால் நிறுத்தினேன். இதுவரை எழுதினதைப் படித்துக் காட்டினேன். காது விஷயம் அவருக்கும் இப்போதுதான் தெரியும். சத்தியம் மீறுவது என்று ஆனபிறகு ஒருவரிடம் மட்டும் மீறுவானேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் பூட்ஸை மாட்டிக்கொண்டார். எங்கே என்று கேட்டால், "நானே ஃபெரில போறேன், அந்தப் படகுல ஒரு ஓட்டை போடப்போறேன், எப்படிக் கிளம்புறான்னு பாக்கறேன்" என்கிறார். ஓட்டை போட்டால் அதையும் பழங்கால வழியனுப்பு விழா என்று எழுதிவிடுவார் என்று சொன்னேன். நின்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "சின்னதுல என் இடது தோள்ல தான்டி தூக்கிட்டுப் போவேன். அந்தக் காது என் பக்கம்தான் இருக்கும்" என்றார். அப்படியே வேலைக்குப் போய்விட்டார். நானும் மேற்கொண்டு ஏளனமாக எழுதலாம் என்றிருந்தேன், இப்போது வரவில்லை.

டாக்டர் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் கொடுத்த ஒரு மாதம் இருபத்தாறாம் தேதியோடு முடிகிறது. இருபத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷனுக்கு இடம் பிடித்துவைத்திருக்கிறேன். ஃபெரி நாளைக்கு உங்கள் பக்கம் வந்து, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கிருந்து திரும்புகிறது. அதில் அவள் வரவேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் வீட்டில் இருக்கவேண்டுமாம். போன கேட்கும் சக்தி முழுவதும் திரும்பாது, பாதி திரும்பினாலும் கடவுள் புண்ணியம் என்றார். உயிருக்குப் பயமில்லாமல் ஆகும், அதுதான் முக்கியம் என்றார்.

வெறுமனே அவளை ஏற்றி அனுப்புங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களை இன்னொரு பதினோரு நாள் பார்க்கவேண்டாம் என்கிற சுயநலமும் அதில் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் எனக்கு என் மகளைத் தெரியும். தனியாக ஏற்றிவிட்டால், தன்னையும் பையோடு இறக்கிவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள். பாதி வழியில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி உங்களிடமே திரும்பி வருவாள். அவ்வளவு அசடு. ஆகவே நீங்களும் வரவேண்டும்.

உங்களிடம் எனக்கு எதுவும் பிடிக்காது என்பதை இவ்வளவு பக்கம் எழுதிய பிறகு மறைப்பதில் அர்த்தமில்லை. ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் கிளம்பின அன்று படகுத்துறைப் பலகை ஈரமாக இருந்தது. நீங்கள் முன்னால் போய்க்கொண்டு டிக்கெட்காரரிடம் காற்றைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தீர்கள். பலகையில் இடைவெளி வந்த இடத்தில் பேச்சையும் நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல், பின்பக்கமாகக் கையை நீட்டினீர்கள். அவளும் பார்க்காமலே பிடித்துக்கொண்டாள். தாண்டினதும் விட்டீர்கள். உங்களுக்கே தெரியாமல் செய்தீர்கள், அதனால்தான் அதை எங்கேயும் எழுதவில்லை. நீங்கள் எழுதாமல் விட்டவற்றில் நான் பார்த்த நல்லது அது ஒன்றுதான். அந்தக் கையை நம்பித்தான் இந்தக் கடிதம்.

அவளிடம் சொல்லும்போது, அத்தை எழுதினாள் என்று என் பேரைச் சொல்லாதீர்கள். நீங்களாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கள். கவனித்தேன் என்று சொல்லுங்கள். நீங்கள் எழுதுகிற பொய்களில் இதுவும் ஒன்றாகப் போகட்டும், இந்த ஒரு பொய்யை நான் பென்சிலால் கோடு போடமாட்டேன். தன் புருஷன் தன்னைக் கவனித்தான் என்று அவள் ஒரு நாளாவது நினைத்துக்கொள்ளட்டும்.

பயணம் கெட்டதே என்று உங்களுக்குக் கோபம் வரும். இரண்டு வருஷத் திட்டம், வராமல் இருக்காது. கோபம் வந்தால் அவள் இடப்பக்கமாகப் போய் நின்று திட்டிக்கொள்ளுங்கள். திட்டி முடிந்த பிறகு வலப்பக்கம் வாருங்கள்.

ஃபெரியில் காற்று படாத பக்கமாக உட்கார வையுங்கள். காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டிவிடுங்கள். அவளாகக் கட்டிக்கொள்ளமாட்டாள். கடவுள் உங்கள் இருவரையும் கரையில் கொண்டுவந்து சேர்க்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு நான் படகுத்துறையில் நிற்பேன். இரண்டு பேரும் இறங்குவதை நான் பார்க்கவேண்டும், மாப்பிள்ளை. யாரிடமும் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்